‘ட்ரூ கிரிட்’: பழிவாங்கக் கிளம்பியது 14 வயதுப் பெண், ஹீரோ என்று பேர் வாங்கியது யார்?

தஞ்சோங் மாலிம் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால், கோலாலம்பூர் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் கைபேசியில் ஏறக்குறைய ஒரு முழுப் படத்தைப் பார்த்துவிடலாம். உப்சியில் படிக்கும் மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நான் வளர்ந்த ஊரும் அதுதான். எங்கள் வீட்டில் பல வருஷமாக ஓடும் ஒரு சண்டையை அந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பா ஜான் வேய்ன் ரசிகர். நான் ஜெஃப் பிரிட்ஜஸ் பக்கம். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் நடித்தவர்கள்: ஒற்றைக் கண், நிறைய குடி, குறி தவறாத துப்பாக்கி. படத்தின் பெயர் ‘ட்ரூ கிரிட்’. நம் பேச்சில் சொன்னால், ‘அசல் நெஞ்சுரம்’. 1969-இல் ஒரு முறையும் 2010-இல் ஒரு முறையும் வந்தது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, “எந்த ரூஸ்டர் பெட்டர்?” என்று பேசுவோம்.

ஒரு தடவை அண்ணன் மகள் குறுக்கே வந்து கேட்டாள்: “அத்தை, செத்தது அந்தப் பொண்ணோட அப்பா. பழிவாங்கக் கிளம்பினதும் அவதான். நீங்களும் தாத்தாவும் ஏன் அவளப் பத்திப் பேசவே மாட்டேங்கிறீங்க?”

அவளுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

(எச்சரிக்கை: இரண்டு படங்களின் முடிவும் கீழே வருகிறது.)

கதை என்ன?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம், 1870-களின் காலம். மேட்டி ராஸ் என்ற 14 வயதுப் பெண்ணின் அப்பா ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊருக்குக் குதிரை வாங்கப் போகிறார். கூடவே போன வேலையாள் டாம் சேனி அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பணத்தையும் குதிரையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

அப்பாவின் உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய மேட்டி அங்கே போகிறாள். காரியம் முடிந்ததும் அவள் வீடு திரும்பவில்லை. சேனியைப் பிடிக்க ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்துகிறாள். அவர்தான் மார்ஷல் ரூஸ்டர் காக்பர்ன். ‘மார்ஷல்’ என்பவர் மத்திய அரசின் காவல் அதிகாரி. சேனி டெக்சஸிலும் ஒரு கொலை செய்திருப்பதால், அவனைத் தேடி லபீஃப் என்ற டெக்சஸ் ரேஞ்சரும் வந்து சேர்கிறார்.

“போலீசுக்குப் போகவேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். அவள் முதலில் போனதே அங்கேதான். சேனி தப்பி ஓடியது ‘இந்தியர் நிலம்’ என்று அப்போது அழைக்கப்பட்ட பூர்வகுடிகளின் பகுதிக்கு, இன்றைய ஓக்லஹோமா. உள்ளூர் போலீஸின் அதிகாரம் அந்த எல்லையைத் தாண்டாது. அங்கே போய்ப் பிடிக்கும் அதிகாரம் மார்ஷல்களுக்குத்தான் உண்டு.

அவள் கேட்பது என்ன என்பதையும் கவனியுங்கள். சேனியைக் கண்ட இடத்தில் சுட்டுத் தள்ள வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவனை ஃபோர்ட் ஸ்மித்துக்குக் கொண்டுவர வேண்டும், தன் அப்பாவைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்கில் போட வேண்டும் என்கிறாள். டெக்சஸ் கொலைக்காக அங்கே தூக்கில் தொங்கினால்கூட அவளுக்குச் சம்மதம் இல்லை. சேனி சாவது மட்டும் அவளுக்குப் போதாது. எதற்காகச் சாகிறான் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பழியையும் நீதியையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற பெண் அவள்.

1969: படம் யாருடையது?

இந்தக் கதையை நாவலாக எழுதியவர் சார்ல்ஸ் போர்டிஸ். முன்பு செய்தியாளராக வேலை பார்த்தவர். நாவல் 1968-இல் வந்தது. கதையைச் சொல்வது மேட்டியேதான். வயதான பிறகு, சிறு வயதில் நடந்ததை நினைத்துச் சொல்கிறாள். ரூஸ்டரை நாம் பார்ப்பதே அவள் கண் வழியாகத்தான்.

அடுத்த வருஷமே ஹென்றி ஹாத்தவே இயக்கத்தில் படம் வந்தது. ரூஸ்டராக ஜான் வேய்ன். அன்றைக்கு வெஸ்டர்ன் படம் என்றாலே அவர்தான். அப்போது அவருக்கு 60 தாண்டிவிட்டது. தொப்பை, கண்ணில் கறுப்புப் பட்டை, தள்ளாட்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டி, தன் ஹீரோ பிம்பத்தைத் தானே கொஞ்சம் கேலி செய்துகொண்டு நடித்தார். கடைசியில் குதிரையின் கடிவாளத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் ஆயுதத்தோடு நான்கு பேரை எதிர்த்துத் தனியாகப் பாயும் காட்சி இருக்கிறதே, இன்றைக்கும் அப்பா அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

1970 ஏப்ரலில் நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு படங்கள் நடித்தவருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கார் அது. அந்த வருஷம் அவரோடு போட்டியில் இருந்தவர்கள் டஸ்டின் ஹாஃப்மன், ஜான் வாய்ட், ரிச்சர்ட் பர்டன், பீட்டர் ஓ’டூல் ஆகியோர்.

மேட்டியாக நடித்தவர் கிம் டார்பி. படப்பிடிப்பின்போது அவருக்கு 21 வயது. 14 வயதுப் பெண்ணாக முடிந்தவரை நன்றாகவே நடித்தார். ஆனால் படம் முழுக்க கேமரா ஜான் வேய்ன் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். நாவலில் கதை சொன்ன பெண், படத்தில் ஹீரோவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பெண்ணாக ஆகிவிட்டாள்.

2010: கோயன் சகோதரர்கள் என்ன மாற்றினார்கள்?

ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்கள் 2010 டிசம்பரில் புதிய படத்தை வெளியிட்டார்கள். பழைய படத்தைத் திரும்ப எடுக்கவில்லை, நாவலுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்பது அவர்கள் நிலை. படம் பார்த்தால் அது வெறும் பேச்சில்லை என்று தெரியும்.

முதல் மாற்றம் குரல். படம் தொடங்குவதே வளர்ந்த மேட்டியின் குரலில்தான். ஆக, யாருடைய ஞாபகத்துக்குள் போகிறோம் என்று முதல் நிமிடத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது மாற்றம் வயது. ஹெய்லி ஸ்டைன்ஃபெல்ட் என்ற புதுமுகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வு அது. படப்பிடிப்பின்போது அவருக்கு 13 வயது. இது ஏன் முக்கியம்? 21 வயதுப் பெண் ஒரு மார்ஷலிடம் வாக்குவாதம் செய்தால், ‘தைரியசாலி’ என்று நினைப்போம். 13 வயதுப் பிள்ளை அதையே செய்தால், நமக்குச் சிரிப்பும் வரும், கூடவே பயமும் வரும். ‘இந்தப் பிள்ளையை யாராவது வீட்டுக்கு அனுப்புங்களேன்’ என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தப் பதற்றம்தான் இந்தப் படத்தின் உயிர்.

குதிரை வியாபாரியிடம் அவள் பேரம் பேசும் காட்சியைத் தனியாகப் பாருங்கள். அப்பா வாங்கிய குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள், திருட்டுப் போன குதிரைக்கும் பணம் கொடு, இல்லையென்றால் என் வழக்கறிஞர் பேசுவார் என்று ஒவ்வொரு படியாக அவரை மடக்குகிறாள். அவள் குரல் ஒரு தடவைகூட உயராது. அந்த ஒரு காட்சி முடிவதற்குள், இவள் மார்ஷலையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஜெஃப் பிரிட்ஜஸ் என்ன செய்தார்? ஜான் வேய்னைக் காப்பி அடிக்கவில்லை. வேய்னின் ரூஸ்டருக்கு இடது கண்ணில் பட்டை. இவருக்கு வலது கண்ணில். வேய்ன் நடித்தால் அது வேய்ன் என்று தெரியும். பிரிட்ஜஸ் அந்த அழுக்குக் கோட்டுக்குள் காணாமல் போய்விடுகிறார். வார்த்தைகளைத் தொண்டைக்குள்ளேயே அரைத்துப் பேசுகிறார். சில இடங்களில் துணைத்தலைப்பு இல்லாமல் புரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இவரை நம்பி இந்தப் பிள்ளை போகலாமா என்று தோன்றும். போகப் போகத்தான் அந்த மனிதரிடம் மிச்சம் இருப்பது என்ன என்று தெரியும்.

லபீஃபாக மேட் டேமன், சேனியாக ஜோஷ் பிரோலின். சேனியைப் படத்தின் பெரும்பகுதியில் நாம் பார்ப்பதே இல்லை. கடைசியில் பார்க்கும்போது, பெரிய வில்லன் யாரும் அங்கே இல்லை. மந்தமான, எல்லாவற்றுக்கும் புலம்புகிற ஓர் ஆள். இவனுக்காகவா இத்தனை மைல் என்று தோன்றும். பழிவாங்கும் கதைகள் பொதுவாக வில்லனைப் பெரிதாக்கும். இந்தப் படம் அவனைச் சிறிதாக்குகிறது.

மேட்டி ஏன் புத்தகம் மாதிரி பேசுகிறாள்?

ஆங்கிலத்தில் படம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் படத்தில் வருபவர்கள் ‘டோன்ட்’, ‘கான்ட்’ என்று சுருக்கிப் பேசுவது அபூர்வம். ‘டூ நாட்’, ‘கேன் நாட்’ என்று முழுசாகத்தான் சொல்வார்கள். நாவலின் நடையிலிருந்து வந்தது அது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது வினோதமாக இருக்கலாம். நமக்கு அப்படி இல்லை. வீட்டில் “வரல, போகல” என்று பேசிவிட்டு, தமிழ்ப்பள்ளி மேடையில் “வரவில்லை, போகவில்லை” என்று பேசி வளர்ந்தவர்கள்தானே நாம்? பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளை ஒன்று அதே மேடைத் தமிழில் ஒரு ரவுடியிடம் நியாயம் கேட்டால் எப்படி இருக்கும்? மேட்டி அப்படித்தான். வயதும் உடல் பலமும் இல்லாத அவளுக்கு மொழிதான் கவசம். ஸ்டைன்ஃபெல்ட் அந்தக் கடினமான வசனத்தை மூச்சு விடுவதுபோல இயல்பாகப் பேசியதுதான் அந்த நடிப்பின் பெரிய சாதனை.

கடைசித் தோட்டா யாருடையது?

இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காட்சியில் காட்டிவிடலாம்.

1969 படத்தில் மேட்டி சேனியைச் சுடுகிறாள், காயப்படுத்துகிறாள். ஆனால் அவன் கதையை முடிப்பது ரூஸ்டர். 2010 படத்தில் மேட்டியின் துப்பாக்கிதான் சேனியை மலை விளிம்பிலிருந்து கீழே தள்ளுகிறது. அவள் தொடங்கிய கணக்கை அவளே முடிக்கிறாள்.

அந்தத் துப்பாக்கி உதைத்த வேகத்தில் அவளும் ஒரு குழிக்குள் விழுகிறாள். குழியில் பாம்பு. விஷம் ஏறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரூஸ்டர் இரவு முழுக்கக் குதிரையை விரட்டுகிறார். அவள் ஆசை வைத்திருந்த அந்தக் குதிரை ஓடி ஓடியே விழுகிறது. பிறகு அவளைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தக் கிழவர் ஓடுகிறார்.

பழைய படத்தில் மேட்டி கையில் கட்டோடு பிழைத்துவிடுகிறாள். பனி மூடிய குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் ரூஸ்டரோடு பேசுகிறாள். அவர் வேலியைத் தாண்டிக் குதிரையில் பறக்கிறார். கைதட்டல், சுபம்.

புதிய படத்தில் அவள் கையை வெட்ட வேண்டியதாகிவிடுகிறது. 25 வருஷம் கழித்து, கல்யாணம் செய்துகொள்ளாத, ஒற்றைக் கையோடு இருக்கும் ஒரு பெண்ணாக அவளைப் பார்க்கிறோம். ரூஸ்டரைத் தேடிப் போகிறாள். மூன்று நாள் முன்பு அவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். உடலைத் தன் குடும்ப இடத்துக்குக் கொண்டுவந்து புதைக்கிறாள். நாவலின் முடிவும் இதுதான்.

பழைய படத்தில் பழிவாங்கல் ஒரு சாகசம், அதன் பலன் ரூஸ்டருக்கு ஒரு கைதட்டல். புதிய படத்தில் அதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கட்டுவது மேட்டி.

ஆஸ்காரில் என்ன நடந்தது?

என் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இங்கேதான் மறுபடியும் வருகிறது. 2010 படத்துக்கு 10 ஆஸ்கார் பரிந்துரைகள். பிரிட்ஜஸுக்குச் சிறந்த நடிகர் பிரிவில். ஸ்டைன்ஃபெல்டுக்கு? சிறந்த துணை நடிகை பிரிவில்.

கதை சொல்வது அவள். ஆளை அமர்த்துவது அவள். சுடுவதும் அவள். படத்தில் அவள் இல்லாத காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் ‘துணை’.

இது எப்படி நடக்கிறது? வாக்களிப்பவர்களைத் திரட்ட, யாரை எந்தப் பிரிவில் முன்னிறுத்துவது என்று ஸ்டூடியோக்கள் கணக்குப் போடுகின்றன. முதன்மைப் பிரிவில் பெரிய நட்சத்திரங்களோடு மோதுவதைவிட, துணைப் பிரிவில் ஒரு புதுமுகத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பது அந்தக் கணக்கு. ஸ்டைன்ஃபெல்டையும் துணைப் பிரிவுக்குத்தான் முன்னிறுத்தினார்கள்.

பிரிட்டனின் பாஃப்டா வாக்காளர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அதே நடிப்புக்கு, அதே வருஷம், முன்னணி நடிகை பிரிவில் ஸ்டைன்ஃபெல்டைப் பரிந்துரைத்தார்கள். ஒரே படம், ஒரே பெண். ஒரு கரையில் ‘துணை’, இன்னொரு கரையில் ‘நாயகி’.

முடிவில் இரண்டிலும் அவருக்கு விருது இல்லை. ஆஸ்காரில் 10 பரிந்துரைகளில் ஒன்றுகூட விருதாகவில்லை. பாஃப்டாவில் ஒளிப்பதிவுக்காக ரோஜர் டீக்கின்ஸ் வென்றார்.

நம்ம படங்களில் இது நடக்கிறதா?

கௌபாய் தொப்பி நமக்குப் புதிதில்லை. 1972-இல் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’வைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கோயன்களின் படம் வந்த அதே 2010-இல்தான் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ அந்த வகைப் படங்களைச் செல்லமாகக் கிண்டல் செய்தது. 2023 தீபாவளிக்கு வந்த ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ கிளின்ட் ஈஸ்ட்வுட்டையே கதைக்குள் இழுத்துவந்தது.

ஆனால் ‘ட்ரூ கிரிட்’ எழுப்பும் கேள்விக்குத் தொப்பி தேவையில்லை. ரீமேக் செய்யும்போது கதை யார் பக்கம் சாய்கிறது என்பதுதான் கேள்வி.

‘கஹானி’ (2012) இந்திப் படத்தில் வித்யா பாலன் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கொல்கத்தாவில் கணவனைத் தேடுவார். அந்த வயிறே ஒரு வேடம், அவர் வந்ததே பழிவாங்கத்தான் என்று கடைசியில் தெரியும்போது தியேட்டர் அதிர்ந்தது. 2014-இல் நயன்தாரா நடிக்க, தமிழில் ‘நீ எங்கே என் அன்பே’ என்று வந்த ரீமேக்கில் அந்தக் கர்ப்பம் எடுக்கப்பட்டுவிட்டது. நயன்தாராவின் நடிப்பில் குறை இல்லை. ஆனால் அந்தப் பெண் கையிலிருந்த முக்கிய ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டு ‘சண்டை போடு’ என்று அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது.

பழிவாங்கும் கதை இல்லையென்றாலும், இன்னொன்றையும் பாருங்கள். ‘பிங்க்’ (2016) தமிழில் ‘நேர்கொண்ட பார்வை’யாக 2019-இல் வந்தபோது, வழக்கறிஞராக நடித்த அஜித்துக்காக ஒரு சண்டைக் காட்சியும், மனைவியோடு ஒரு ஃபிளாஷ்பேக்கும் சேர்ந்தன. அந்த மனைவியாக வந்தவர் யார் தெரியுமா? ‘கஹானி’யைத் தன் தோளில் சுமந்த அதே வித்யா பாலன்.

சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அஜித் இருந்ததால்தான் அந்தக் கதை அவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஜான் வேய்ன் இருந்ததால்தான் ‘ட்ரூ கிரிட்’ எங்கள் அப்பா வரைக்கும் வந்தது. நட்சத்திரம் கதையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வரும் வழியில் கதையின் எடை அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இதை நாம் முன்பே கேட்டிருக்கிறோமே?

மேட்டியைப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்திருந்தால், அது தப்பில்லை. கண்ணகி.

அவளும் முதலில் போனது அரசவைக்குத்தான். கையில் சிலம்பு, அதாவது ஆதாரம். நியாயத்தை வாதாடி நிரூபித்த பிறகுதான் மதுரை எரிந்தது. அதற்கு அவளும் தன் உடலில் ஒரு பாகத்தையே திருகி எறிய வேண்டியிருந்தது. மேட்டிக்கு ஒரு கை.

வித்தியாசமும் இருக்கிறது. கண்ணகி தெய்வமாகிவிட்டாள். மேட்டி ஆகவில்லை. ஒற்றைக் கையோடு, கறாரான ஒரு பெண்ணாக, வயதாகி, தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு இருக்கிறாள். ஆனால் இரண்டு கதையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: இழப்பு யாருக்கோ, கதை அவருக்கு. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், பழி தீரலாம், கதை தீராது.

அடுத்த ரீமேக் வரும்போது

‘ஒரிஜினலா, ரீமேக்கா, எது பெஸ்ட்?’ என்று நண்பர்களோடு சண்டை போடுங்கள், தாராளமாக. கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்வது யார் குரல்? கடைசி முடிவு யார் கையில்? அதற்கான விலையைக் கட்டுவது யார்? மூன்றுக்கும் பதில் ஒரே ஆள் என்றால், சுவரொட்டியில் யார் முகம் பெரிதாக இருந்தாலும், படம் அவருடையது.

இதை எழுதிய பிறகு அப்பாவுக்கு தஞ்சோங் மாலிமுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “சரிதாம்மா. ஆனா அந்தக் கடிவாளத்தப் பல்லுல கடிச்சிக்கிட்டு வர்ற சீன் மட்டும் ஜான் வேய்னுதான்” என்றார்.

அந்த ஒன்றை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். அண்ணன் மகளோ இன்னும் விடவில்லை.